செவியாற் கண்ட நாடு

பயணத்தால் விளையும் கலை இருவகைப்படும். கண்டதைக் கண்டவாறு உரைப்பது ஒன்று. கேட்டதன் வழியே காணாததை விழைந்து பாடுவது மற்றொன்று. முன்னதற்குக் கண் சான்று. பின்னதற்கு உள்ளமே சான்று. முன்னதில் பிழை நேரின், வழி அறிந்தவர் திருத்திவிடுவர். பின்னதில் நேரும் பிழை எளிதிற் புலப்படாது. ஏனெனில் அப்பிழையும் இனிமையாகவே ஒலிக்கும்.

அமெரிக்க இளைஞர் ஒருவர் 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட 'குலாக் ஒர்கெஸ்தார்' என்னும் இசைத்தட்டு இவற்றுள் இரண்டாம் வகையைச் சார்ந்தது. வெளிவந்த நாள்தொட்டு இதனைப் புகழ்ந்தோர் பலர். அயலார் இசையைக் கவர்ந்துகொண்ட ஆக்கம் என்று இகழ்ந்தோரும் உளர். புகழ்ந்தோர் அதன் பிழையை ஆராயவில்லை. இகழ்ந்தோர் அதன் உண்மையை ஆராயவில்லை. இரண்டினையும் ஒருங்கு வைத்து எண்ணிப் பார்த்தலே திறனாய்வுக்கு அழகு.

ஆக்கியோனும் ஆக்கமும்

இதனை இயற்றியவர் ஸாக் காண்டன். 1986ஆம் ஆண்டில் பிறந்தவர்; அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்துச் சாந்தா ஃபே நகரோடு தொடர்புடையவர். இளமையில் டிரம்பெட் ஊதப் பயின்றார். பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, பதினேழு அகவை அளவில் தம் அண்ணனுடன் ஐரோப்பாவுக்குச் சென்றார். பால்கன் நாடுகளின் பித்தளை ஊதிசை அவர் செவியிற் புகுந்தது அப்பயணத்தின் போதுதான். செர்பியாவிலோ மாசிடோனியாவிலோ திருமணப் பந்தலில் நின்று கேட்டதன்று அது. மேற்கு ஐரோப்பிய நகரங்களில், வந்து தங்கிய இசையாகவும் இசைத்தட்டுகளின் வழியாகவும் கேட்டது. ஊர் திரும்பிய அவர் ஆல்புகெர்க்கி நகரில், தம் படுக்கையறையிலேயே இவ்விசைத்தட்டின் பெரும்பகுதியைப் பதிவு செய்தார். அது வெளிவந்தபோது அவருக்கு அகவை இருபது.

'இண்டி ராக்' என்பது பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் பொருளையும் கட்டளையையும் சாராது, சிறு நிறுவனங்களின் வாயிலாக வெளிவரும் ராக் இசை. இதனை வெளியிட்ட 'பா டா பிங்' என்பதும் அத்தகைய சிறு நிறுவனமே. ஆயினும் ராக் இசைக்கு உயிர்நாடி எனப்படும் கித்தார் இவ்விசைத்தட்டில் இல்லை. இடக்கை மணிக்கட்டில் நேர்ந்த காயத்தால் காண்டனுக்குக் கித்தாரின் அகன்ற கழுத்தைப் பற்றி வாசித்தல் அரிதாயிற்று. ஆகவே சிறிய உகுலேலேயைக் கைக்கொண்டார். அதனுடன் டிரம்பெட், அக்கார்டியன், பியானோ, முரசு ஆகியவற்றைச் சேர்த்துக் கொண்டார். வேறொரு குழுவைச் சேர்ந்த ஜெரமி பார்ன்ஸ் தாளக் கருவிகளிலும், ஹெதர் டிராஸ்ட் வயலினிலும் துணை நின்றனர். எஞ்சியவை யாவும் பெரும்பாலும் ஒருவர் கையால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவையே.

இதனை மனத்திற் கொண்டு கேட்டல் வேண்டும். முதற் பாட்டில் ஒரு தெருவே திரண்டு வந்து ஊதுவது போன்ற பேரொலி எழுகின்றது. ஆனால் அங்கே தெருவும் இல்லை, கூட்டமும் இல்லை. ஓர் அறையில் தனித்திருக்கும் இளைஞன் ஒரு முறை ஊதி, அதைக் கேட்டுக்கொண்டே மறுமுறை ஊதி, மீண்டும் ஊதித் தன்னையே ஒரு கூட்டமாக்கிக் கொள்கிறான். ஒலிகள் ஒன்றோடொன்று சிறிதே பிசகி நிற்பதால், பலர் கூடி ஊதுவதாகிய மயக்கம் உண்டாகின்றது. இந்த மயக்கமே இவ்விசைத்தட்டின் உயிர்.

எக்காளம் வந்த வழி

இவ்விசை எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல் அதனை எடுத்தாண்டவரை மதிப்பிடல் இயலாது. பால்கன் நாடுகளின் பித்தளை ஊதிசை நாட்டுப்புற மண்ணில் தானே முளைத்ததன்று, படைகளோடு வந்தது. உதுமானியப் பேரரசில் ஜானிசாரிப் படை 1826ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டபோது, அதனோடு பழைய படைமுரசுக் குழுவும் ஒழிந்தது. 1828ஆம் ஆண்டில் சுல்தான் இத்தாலியரான ஜுசெப்பே தோனிசெத்தியை வரவழைத்து மேனாட்டு முறையிலான படையிசைக் குழுவை அமைத்தார். செர்பியாவில் மிலோஷ் கோமகனுக்காக யோசிப் ஷ்லெசிங்கர் என்பார் 1831ஆம் ஆண்டில் கிராகுயெவாட்சு நகரில் இத்தகைய குழுவொன்றை நிறுவினார். படையிற் பயின்ற கருவிகள் காலப்போக்கிற் சிற்றூர்களுக்குச் சென்றன. அங்கே திருமணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் உரியவையாயின.

அவற்றைத் தம் உயிரோடு ஒன்றாக்கிக் கொண்டவர்கள் ரோமா மக்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை அவர்களின் மொழியே காட்டும். வாலாக்கியா, மால்தாவியா ஆகிய பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை அவர்கள் அடிமைகளாகவே வைக்கப்பட்டிருந்தனர். 1855, 1856ஆம் ஆண்டுகளிலேதான் அவ்வடிமைத்தளை சட்டத்தால் முற்றிலும் நீங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளாலும் அவர்தம் கூட்டாளிகளாலும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோமா மக்கள் கொல்லப்பட்டனர். பிறர் வீட்டு மணவிழாவில் ஊதி மகிழ்வித்துக் கூலி பெற்றுத் திரும்புதலே அம்மக்களுட் பலருக்கு வாழ்வாக இருந்தது.

செர்பியாவின் கூச்சா என்னும் சிற்றூரில் 1961ஆம் ஆண்டு முதல் டிரம்பெட் விழா நடந்து வருகின்றது. எமிர் குஸ்துரித்சா இயக்கிக் கோரன் பிரெகோவிச் இசையமைத்த 'அண்டர்கிரவுண்ட்' என்னும் திரைப்படம் 1995ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவின் முதற்பரிசைப் பெற்றது. அதன்பின் இவ்விசை மேனாட்டார் செவிகளுக்குப் பெரிதும் பழக்கமாயிற்று. ருமேனியாவின் வடகிழக்கில் சேச்சே பிரஜீனி என்னும் சிற்றூரில் 1996ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஒலிப்பதிவாளர் ஒருவர் கண்டறிந்த ஊதுகுழுவே 'ஃபான்ஃபாரே சியொக்கர்லியா' என்று உலகப் புகழ் பெற்றது. மாசிடோனியாவின் கோச்சானி நகரத்துக் குழுவும் அவ்வாறே புகழ் பெற்றது. அதன் பெயர் 'கோச்சானி ஒர்கெஸ்தார்'. காண்டனின் இசைத்தட்டுப் பெயரில் வரும் 'ஒர்கெஸ்தார்' என்பது அந்நாட்டாரின் சொல்லே.

எடுத்ததும் விடுத்ததும்

அக்குழுக்களின் இசையையும் இவ்விசைத்தட்டையும் அடுத்தடுத்துக் கேட்போர்க்கு ஓர் உண்மை தெற்றென விளங்கும். சேச்சே பிரஜீனி ஊரார் ஊதுவது ஆட்டத்துக்கு. காற்றினும் கடிய விரைவு; ஏழும் ஒன்பதுமாகப் பிரிந்து வரும் தாள அடைவுகள்; அடியில் டியூபாக்கள் ஓயாது உந்தி நிற்க, மேலே ஒருவர் பின் ஒருவராகத் தனித்து ஊதிக் காட்டும் கற்பனைத் திறம். கேட்போர் கால் சும்மா இராது.

காண்டன் இவற்றுட் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டார். தாளச் சிக்கலை அவர் தொடவில்லை. தனித்து ஊதிக் காட்டும் திறத்தை நாடவில்லை. 'பிராத்திஸ்லாவா' போன்ற ஓரிரு பாடல்களில் விரைவு உண்டாயினும், இசைத்தட்டின் நடை பெரும்பாலும் தளர்ந்த ஊர்வல நடையே. அவர் எடுத்துக்கொண்டது பல கொம்புகள் ஒருங்கே எழும்போது உண்டாகும் நிறத்தையும், அந்நிறத்தின் ஓரத்தில் தோயும் ஏக்கத்தையும் மட்டுமே. மணவீட்டு இசையைக் கேட்டு, அதன் ஆட்டத்தை விடுத்து, விருந்து முடிந்து பந்தல் பிரிக்கும் வேளையின் வெறுமையை மட்டும் அள்ளிக்கொண்டார் எனலாம்.

இதைக் குறை என்று ஒரேயடியாகக் கூறுதல் பொருந்தாது. கேட்டதை அப்படியே திருப்பி ஊதியிருப்பாராயின் அது வெறும் போலியாகவே முடிந்திருக்கும். சேச்சே பிரஜீனி ஊராரின் விரைவுக்கு அது ஈடாகாது. அவர் பாடியது பால்கன் மக்களின் துயரத்தை அன்று; அவர்களின் கூட்ட ஒலியைக் கேட்டுத் தனக்கு அத்தகைய கூட்டம் இல்லையே என்று தனித்திருப்பவன் கொண்ட ஏக்கத்தை. அந்த ஏக்கம் கடன் வாங்கியதன்று. பாலைவனம் சூழ்ந்த ஊரின் அறையொன்றில், இல்லாத ஊர்வலத்தை ஒருவனே இருந்து உண்டாக்கினான் என்பதில் நடிப்பு இல்லை. 'இத்தாலியிலிருந்து வந்த அஞ்சலட்டைகள்' என்னும் பாடலில் சிற்றொலி எழுப்பும் உகுலேலேயின்மேல் கொம்புகள் மெல்ல ஏறி வருகையில் இவ்வுண்மை நெஞ்சில் தைக்கின்றது. அஞ்சலட்டை என்பது சென்றவன் செல்லாதவனுக்கு விடுப்பது. இவ்விசைத்தட்டின் இயல்பை இதனினும் நன்றாக வேறு எந்தத் தலைப்பும் உரைக்கவில்லை.

நிலம் மயங்கலாமா?

இனிப் பிழையைக் காண்போம். இவ்விசைத்தட்டில் பதினொரு பாடல்கள் உள்ளன. அவற்றின் தலைப்புகளில் வரும் இடங்கள் யாவை? பிரென்ஸ்லாவர்பெர்க் என்பது பெர்லின் நகரின் ஒரு பகுதி. பிராண்டன்பர்க்கும் ரைன்லாந்தும் ஜெர்மனியைச் சேர்ந்தவை. பிராத்திஸ்லாவா சுலோவாக்கியாவின் தலைநகரம். 'ரோக்ளாய் மலை' என்பது போலந்தின் விரோத்சுவாஃப் நகரப் பெயரை நினைவூட்டும் சிதைந்த வடிவம். எஞ்சியது இத்தாலி. இவற்றுள் ஒன்றேனும் பால்கன் நாட்டது அன்று. இசையோ செர்பியரையும் மாசிடோனியரையும் ரோமா மக்களையும் நினைவூட்டுகின்றது. தலைப்பின் முதற் சொல்லோ இரஷ்யர்க்கு உரியது. ஐரோப்பாவின் கிழக்கெல்லாம் ஒரே மங்கிய புகைப்படமாகத் தோன்றும் அயலான் கண்ணுக்கே இவை யாவும் ஒன்றாகத் தெரியும். அங்கு வாழ்வோர்க்கு வார்சாவும் பெல்கிரேடும் ஒன்றல்ல.

தொல்காப்பியர் அகத்திணையியலில் வகுத்த நெறியொன்று இவ்விடத்து அளவுகோலாகப் பயன்படும். திணை ஒன்றோடொன்று மயங்கி வருதலை அவர் விலக்கவில்லை. ஆனால் நிலம் இரண்டு ஒருங்கு மயங்குதல் இல்லை என்று வரையறுத்தார். குறிஞ்சிக்குரிய உணர்வு நெய்தலிற் சென்று தங்கலாம். மலையும் கடலும் ஒரே நிலமாகிவிடா. பாலை பாடிய புலவரெல்லாம் அவ்வழியே நடந்து கால் கொப்பளித்தவரோ என்று எவரும் வினவுவதில்லை. ஆனால் பாலையில் ஆம்பலைப் பூக்க விட்டவனை ஆன்றோர் அவை ஏற்காது. உணர்வு எல்லை கடக்கும். அது கலைக்கு உரிமை. நிலம் எல்லை கடவாது; அது அந்நிலத்தில் வாழ்வோர்க்கு உரிமை.

காண்டனின் ஆக்கத்தில் உணர்வு எல்லை கடந்தது, அது முறையே. நிலமும் உடன் மயங்கிற்று, அதுவே பிழை. இருபது அகவை இளைஞனின் அறியாமை என்று இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ளுதல் வேறு, பிழையன்று என்று கூறுதல் வேறு.

ஒரு சொல்லின் பாரம்

நிலமயக்கத்தினும் கொடியது தலைப்பில் நிற்கும் 'குலாக்' என்னும் சொல். முகாம்களின் தலைமை ஆட்சிமன்றம் என்று பொருள்படும் இரஷ்யத் தொடரின் சுருக்கம் அது. சோவியத் ஒன்றியத்தில் 1930ஆம் ஆண்டு முதல் 1960ஆம் ஆண்டுவரை இயங்கிய கட்டாய உழைப்பு முகாம்களை அது குறிக்கும். அவற்றின் வழியே சென்றவர் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் பேர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பீடு. பட்டினியாலும் கடுங்குளிராலும் மாண்டவர் பல இலட்சம்.

அம்முகாம்கள் சிலவற்றில் மெய்யாகவே ஊதுகுழுக்கள் இருந்தன. கைதிகள் விடியலில் வேலைக்கு அணிவகுத்துச் செல்கையில் வாயிலில் நின்று நடைப்பாட்டு ஊதுவது அக்குழுவினரின் கடமை. ஊதுவோரும் கைதிகளே. ஆகவே 'குலாக் ஒர்கெஸ்தார்' என்பது கற்பனைப் பெயர் அன்று. உலகில் இருந்த ஒரு கொடுமையின் பெயர். இதை அறிந்தபின் முதற் பாட்டைக் கேட்பவர் அதன் தளர்நடையில் வேறொரு பொருளை உணர்வர். ஆனால் அப்பொருளைப் பாட்டு தரவில்லை. கேட்பவரின் அறிவே தருகின்றது. பாடலின் சொற்களிலோ அமைப்பிலோ அம்மாந்தரை நோக்கிய பார்வை இல்லை. ஒலிநயத்துக்காகவும் பழைமையின் மணத்துக்காகவும் எடுத்த சொல் அது. பிறர் துயரத்தை அணிகலனாக்குதல் என்பது இதுவே. இதனை எவ்வளவு இனிமை கொண்டும் மறைத்தல் இயலாது.

குழுவுக்கு அவர் சூட்டிக்கொண்ட 'பெய்ரூட்' என்னும் பெயரையும் இதனோடு வைத்து எண்ணலாம். இசைத்தட்டு வெளிவந்தது 2006 மே மாதம். அதே ஆண்டு ஜூலையில் லெபனானிற் போர் மூண்டு 34 நாள் நீடித்தது. பெய்ரூட்டின் தென்புறக் குடியிருப்புகள் குண்டுகளால் இடிந்தன. ஊரின் பெயரை மனநிலைக்கு உரிய சொல்லாக எடுப்பவர் எடுக்கலாம். அவ்வூரோ மனநிலையாக இருக்க ஒப்புவதில்லை.

இசைத்தட்டின் மேலுறைப் படமும் இத்தன்மையதே. லைப்சிக் நகர நூலகம் ஒன்றில் இருந்த நூலினின்று கிடைத்த படம் அது; எடுத்தவர் பெயர் அப்போது தெரியாதிருந்தது. பின்னரே அவர் செர்கெய் சிலிகோவ் என்னும் இரஷ்யப் புகைப்படக் கலைஞர் என்பது தெளிவாயிற்று. பெயரில்லாப் படம் எனக் கருதியதற்கும் பெயருடைய ஒருவன் இருந்தான். பெயரில்லா இசை எனக் கருதப்படுவதற்கும் அவ்வாறே பெயருடையோர் உளர்.

பிற்காலப் பயணங்கள்

பயணம் செய்து பாடும் வழக்கத்தைக் காண்டன் விடவில்லை. 2007ஆம் ஆண்டில் வந்த 'தி ஃபிளையிங் கிளப் கப்' பிரெஞ்சு நாட்டை நோக்கியது. 2009ஆம் ஆண்டின் 'மார்ச் ஆஃப் தி சப்போடெக்' வேறு வகையிற் கருதத்தக்கது. அதற்காக அவர் மெக்சிக்கோவின் ஒவாகாக்கா மாநிலத்துக்கு நேரே சென்றார். தியோதித்லான் தெல் வாயே என்னும் ஊரைச் சேர்ந்த ஹிமெனெஸ் இசைக்குழுவினர் 19 பேருடன் கூடிப் பதிவு செய்தார். இங்கே நிலமும் இசையும் ஒன்று. ஊதியோர் இன்னார் என்பதும் மறைக்கப்படவில்லை. முன்னர்ச் சொன்ன குறைகளுள் ஒன்றும் இதில் இல்லை.

ஆயினும் கலையென்ற அளவில் அது முன்னதினும் தாழ்ந்தது என்றே கூறல் வேண்டும். குழு செம்மையாக ஊதுகின்றது. காண்டனின் குரலோ அதன்மேல் விருந்தினர்போல் அமர்ந்திருக்கின்றது. இது வியப்புக்கு உரியதன்று. முன்பு இல்லாத கூட்டத்துக்கு ஏங்கியவனுக்கு இப்போது கூட்டம் கிடைத்துவிட்டது; ஏக்கம் தணிந்தது; அதனிடத்தில் வேறொன்று வந்து நிரம்பவில்லை. ஒழுக்கத்தில் உயர்ந்தது கலையிலும் உயர்ந்தே தீரும் என்பது இல்லை. கலையில் உயர்ந்தது ஒழுக்கப் பிழையினின்று விடுபடும் என்பதும் இல்லை. இரண்டினையும் இருவேறு துலாக்கோல்களில் நிறுத்துதலே நேர்மை.

இவ்விரண்டும் ஒருவாறு இணையும் இடம் 2019ஆம் ஆண்டில் வந்த 'கல்லிப்பொலி'. இத்தாலியின் தென்கோடியிலுள்ள அப்பெயருடைய கடற்கரை ஊரில், புனிதர் திருவுருவைத் தாங்கிச் சென்ற ஊர்வலத்தின் ஊதுகுழுவைப் பின்தொடர்ந்து சென்ற காண்டன், அந்நிகழ்ச்சியினின்றே தலைப்புப் பாடலை இயற்றினார். இருபது அகவையில் அறைக்குள் உண்டாக்கிய ஊர்வலத்தின் பின்னே முப்பத்திரண்டு அகவையளவில் மெய்யாகவே நடந்தார். ஓர் ஊர், ஒரு பெயர், ஓர் ஒலி. ஊதுவோர்க்கு உரியது ஊர்வலம். பின்தொடர்வோனுக்கு உரியது பாட்டு. இந்த வரம்பு தெளிந்ததே அவர் பயணத்தின் பயன்.

முடிவு

'குலாக் ஒர்கெஸ்தார்' பிழையுடைய ஆக்கம். ஆயினும் பொய்யான ஆக்கம் அன்று. தனிமையில் இருப்பவன் கூட்டத்துக்கு ஏங்கும் ஏக்கத்தைப் பாடும் இடமெல்லாம் அது நிலைத்து நிற்கும். பிறர் ஊரையும் பிறர் துயரையும் அந்த ஏக்கத்துக்கு ஆடையாக உடுத்தும் இடமெல்லாம் அது குறைபடும். கேட்போர் இதனைத் தள்ளவும் வேண்டா. இதனோடு நின்றுவிடவும் வேண்டா. அஞ்சலட்டையைப் பெற்றவர் அதைச் சுவரில் ஒட்டிவிட்டு அந்நாட்டை அறிந்துவிட்டதாக எண்ணினால், அட்டை வழியை அடைத்துவிட்டது. அதைக் கண்டு புறப்பட்டுச் சென்றால், வழியைத் திறந்துவிட்டது. காண்டனைக் கேட்டவர் அடுத்துக் கோச்சானி ஊராரையும் சேச்சே பிரஜீனி ஊராரையும் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்கும்போது, இளைஞர் விட்டுச்சென்ற ஆட்டம் மீண்டும் செவியில் எழும். பந்தல் பிரிக்கும் வெறுமைக்கு முன்னே அங்கு ஒரு திருமணம் நடந்தது என்பது விளங்கும்.